திடீரென்று வாடகையை ஏற்றினால் என்ன செய்வது? மதுரையில் வாடகைக்குக் குடியிருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

"அடுத்த மாதத்திலிருந்து நாலாயிரம் சேர்த்துக் கொடுங்கள், கட்டுப்படியாகாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனதும், பெரும்பாலான குடும்பங்களில் இரண்டில் ஒன்று நடக்கிறது. பிள்ளைகளின் பள்ளியையும் தண்ணீர் வசதியையும் நினைத்துப் பயந்து மறுநாளே சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்; இல்லையென்றால், கோபத்தில் "இந்த மாதமே காலி செய்கிறோம்" என்று வாயை விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே குடியிருப்பவருக்கு நட்டத்தில்தான் முடியும். வீட்டுக்காரர் கேட்டதாலேயே புதிய வாடகை நடைமுறைக்கு வந்துவிடாது. அவர் கேட்டதற்கும் நீங்கள் பதில் சொல்வதற்கும் இடையிலுள்ள சில நாட்களை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே கொடுக்கப்போகும் தொகை அமையும்.

முதல் நாள்: எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

வீட்டுக்காரரிடம் மரியாதையாக அவகாசம் கேளுங்கள். "வீட்டில் கலந்து பேசிவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறேன்" என்பது போதும். எவ்வளவு உயர்வு, எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணம் ஆகிய மூன்றையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே அவருடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு, "இன்று நீங்கள் வாடகையை 9,000 ரூபாயிலிருந்து 13,000 ரூபாயாக உயர்த்தக் கேட்டீர்கள், யோசித்துப் பதில் சொல்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இதில் சண்டைக்கு இடமில்லை. பின்னால் பேச்சு மாறினாலும் தேதியோடு ஒரு பதிவு உங்கள் கையில் இருக்கும்.

கூட்டிய தொகையை ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு முறை கொடுத்துவிட்டால், நீங்கள் புதிய வாடகைக்கு ஒப்புக்கொண்டதாகவே அது எடுத்துக்கொள்ளப்படும்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

வாடகை ஒப்பந்தப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகு பலரும் திரும்பப் பார்ப்பதே இல்லை. அதை எடுத்து நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, வாடகை உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும், அட்வான்ஸ் தொகை எவ்வளவு என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது.

ஒப்பந்தக் காலம் இன்னும் முடியவில்லை, இடையில் வாடகையை உயர்த்தலாம் என்ற வாசகமும் அதில் இல்லை என்றால், உங்கள் நிலை பலமானது. "ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு" என்பதுபோல் எழுதியிருந்தால், அதுதான் உச்சவரம்பு. 9,000 ரூபாய் வாடகைக்கு அது 450 ரூபாய்தான், நாலாயிரம் அல்ல. ஒப்பந்தம் முடிந்து அப்படியே தொடர்ந்து குடியிருக்கிறீர்கள், அல்லது தொடக்கத்திலிருந்தே வாய்வார்த்தைதான் என்றால், நிலைமை சற்று நெருக்கடியானது. அதற்கேற்பத்தான் பேச வேண்டும்.

சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்

இதில் பலருக்கும் ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. நியாய வாடகையை அரசு நிர்ணயிக்கும், அதற்கு மேல் கேட்டால் வழக்குப் போடலாம் என்பது 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வைத்துச் சொல்லப்படுவது. அந்தச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2017-இல் நிறைவேற்றப்பட்ட, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தப் புதிய சட்டத்தில், ஆண்டுக்கு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற பொதுவான உச்சவரம்பு கிடையாது. இரு தரப்பும் எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டார்களோ, அதன்படிதான் வாடகையும், அதன் உயர்வும். குடியிருப்பவருக்கு ஒப்பந்தப் பத்திரத்தைவிடப் பெரிய பாதுகாப்பு இன்று வேறெதுவும் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இச்சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை, இச்சட்டத்தின் கீழ் அரசு நியமித்துள்ள வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 20 ரூபாய், 100 ரூபாய் முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பதிவே தேவையில்லை என்ற எண்ணம் நம் ஊரில் இன்னமும் பரவலாக இருக்கிறது. பதினோரு மாதக் கணக்கு பத்திரப்பதிவுச் சட்டத்தைச் சார்ந்து வந்த பழக்கம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இச்சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்பது கடினம். பதிவு செய்வதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது.

முறையான ஒப்பந்தம் இருந்து, வாடகை உயர்வில் தகராறு எழுந்தால், உயர்வை நிர்ணயிக்கக் கோரி வீட்டுக்காரரோ வாடகைதாரரோ வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அதற்கு மேல் வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் குடியிருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதக் கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் வரை தொடர்வதாகச் சட்டம் கருதுகிறது. வேறு வீடு தேடவும் நிதானமாகப் பேசவும் இந்தக் கால அளவு உதவும். அதைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தால் வழக்கமான வாடகைக்கும் மேலான தொகையை வீட்டுக்காரர் கோர இடமுண்டு என்பதால், காலவரையின்றி இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ள இரு தரப்பும் தவறுவதே, வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஒப்பந்தமே இல்லாமல், "பதினைந்து வருடமாக இருக்கிறேன், என்னை யாரும் அசைக்க முடியாது" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயில் இடங்களில் குடியிருப்பவர்களுக்கு இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தின்படி நியாய வாடகை நிர்ணயிக்கும் தனி முறை இருப்பதால், அவர்கள் அந்த வழியில்தான் போக வேண்டும். மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில் வீடு இருப்பவர்கள், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்பதைக் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொண்டு அடுத்த அடியை வைப்பது நல்லது.

சொல்லப்படும் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

வீட்டு வரி கூடிவிட்டது என்பதுதான் அதிகமாகச் சொல்லப்படும் காரணம். அது பொய்யும் அல்ல. 2022 ஏப்ரலில் தமிழகமெங்கும் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, மதுரை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 75, 100 விழுக்காடும் கூடியது. ஆனால் விழுக்காட்டை மட்டும் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ரூபாயாக மாற்றிப் பாருங்கள். அரையாண்டுக்கு 1,800 ரூபாய் வரி கட்டிய வீட்டுக்கு 50 விழுக்காடு கூடினால் 2,700 ரூபாய் ஆகிறது. கூடிய 900 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 150 ரூபாய். வரி கூடியதற்காக மாதம் நாலாயிரம் ரூபாய் கேட்பது எந்தக் கணக்கிலும் சேராது என்பதை, ரசீதைக் காட்டச் சொல்லி அமைதியாகவே எடுத்துரைக்கலாம்.

அடுத்து, ஏரியா வளர்ந்துவிட்டது என்பார்கள். புது நத்தம் சாலையில் பறக்கும் பாலமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் 2023-இல் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் காரணம் இது. இதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். எவ்வளவு உண்மை என்பதை நீங்களே தெருவில் இறங்கி விசாரித்தால்தான் தெரியும். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், அதே அளவுள்ள வீடுகளில் டூலெட் போர்டு தொங்கினால் எண்ணைக் குறித்துக்கொண்டு வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் ஆகியவற்றைக் கேளுங்கள். மளிகைக் கடைக்காரரிடமும் அயர்ன் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இணையதள விளம்பரங்களில் போட்டிருப்பது வீட்டுக்காரர்கள் எதிர்பார்க்கும் தொகை. உண்மையில் கைமாறும் தொகை பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

மாடியையும் கீழ்வீட்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட வேண்டாம். கோடையில் மேல்மாடி வீட்டில் தளம் கொதிக்கும், மின்கட்டணம் ஏறும். நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்கும் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கும் மாதச் செலவில் கணிசமான வித்தியாசம் உண்டு. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கிறாரா என்பதையும் பாருங்கள். தனி இணைப்பு இருந்தால் வீட்டு உபயோகத்துக்கான 100 யூனிட் இலவசச் சலுகை முழுமையாக உங்களுக்கே வரும்.

வீடு மாறினால் உண்மையில் எவ்வளவு ஆகும்

பேச உட்காருமுன் உங்கள் கையில் ஒரு எண் இருக்க வேண்டும்: எந்தத் தொகை வரை கொடுத்து இங்கேயே இருக்கலாம், எதற்கு மேல் போனால் காலி செய்வதே மேல் என்ற எண். அதை மனக்கணக்காக வைத்துக்கொள்ளாமல் தாளில் எழுதிப் போட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கோ.புதூரில் 9,000 ரூபாய்க்குக் குடியிருக்கும் குடும்பத்திடம் 13,000 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தெரு தள்ளி 10,500 ரூபாய்க்கு ஏறக்குறைய இதே போன்ற வீடு கிடைக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் 2,500 ரூபாய் மிச்சம். ஆனால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 10,500 ரூபாய், குட்டியானை வண்டிக்கும் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் 6,500 ரூபாய், காலி செய்யும் வீட்டில் பெயிண்டிங்குக்கு என்று அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளும் ஒரு மாத வாடகை 9,000 ரூபாய், ஏ.சி., தண்ணீர் சுத்திகரிப்பான், இணைய இணைப்பு ஆகியவற்றைக் கழற்றி மாட்ட 4,000 ரூபாய். கூட்டினால் 30,000 ரூபாய். புது வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருப்பதாக எடுத்துக்கொண்டால், மாதத்துக்கு 1,250 ரூபாய் வீதம் விழுகிறது. ஆகவே அந்த வீட்டின் உண்மையான வாடகை 11,750 ரூபாய். பள்ளி வேனுக்குக் கூடுதலாக 500 ரூபாய் ஆகும் என்றால் 12,250. இந்தக் குடும்பம் இப்போதைய வீட்டுக்கு 12,000 ரூபாய் வரை கொடுத்தாலும் நட்டமில்லை. 13,000 என்றால் மாறுவதுதான் லாபம். உங்கள் செலவுகளை இதே முறையில் போட்டுப் பாருங்கள். புது அட்வான்ஸைச் செலவில் சேர்க்க வேண்டாம். அது திரும்பி வரும் பணம். ஆனால் பழைய அட்வான்ஸ் கைக்கு வருமுன் புதியதைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகையை எங்கே புரட்டுவது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

இதே கணக்கை வீட்டுக்காரர் பக்கமிருந்தும் போடுங்கள். நீங்கள் 10,500 தருவதாகச் சொல்லி அவர் மறுத்து, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் அவருக்கு 21,000 ரூபாய் இழப்பு. புதிதாக வருபவர் 13,000 கொடுத்தாலும், மாதம் 2,500 வித்தியாசத்தில் அந்த இழப்பை ஈடுகட்ட எட்டு மாதத்துக்கு மேலாகும். ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் வீடு மாறுவதைத் தவிர்ப்பதால், அந்த மாதங்களை ஒட்டி வீடு காலியானால் ஆள் கிடைப்பது தாமதமாகும். பள்ளி தொடங்கும் ஜூனுக்கு முன்போ நிலைமை தலைகீழ். வீடு தேடுபவர்கள் அப்போதுதான் அதிகம். நீங்கள் பேசும் மாதம் எது என்பதைப் பார்த்துத்தான் பிடியை இறுக்குவதும் தளர்த்துவதும்.

நேரில் உட்கார்ந்து பேசுவது

வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்று இந்த வாடகையை நம்பியே வாழ்பவராக இருக்கலாம். வங்கிக் கடனுக்குத் தவணை கட்டுபவராக இருக்கலாம். அவருக்கு என்ன நெருக்கடி என்பதைக் காது கொடுத்துக் கேட்பது, மரியாதை என்பதோடு பேச்சுக்கும் பயன்படும். பணம் அவசரமாகத் தேவை என்பவருக்கு மூன்று மாத வாடகையை முன்கூட்டியே தருவதாகச் சொன்னால் மாத உயர்வைக் குறைக்க முன்வரலாம். ஆள் மாறிக்கொண்டே இருப்பது தொல்லை என்பவருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பிடிக்கும்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: "அண்ணே, நாலு வருசமா ஒரு மாசம்கூட அஞ்சாந்தேதி தாண்டினதில்ல. மோட்டார் ரிப்பேர், பைப் ஒழுகல்னு சின்னச் சின்ன வேலைக்கு உங்களைக் கூப்பிட்டதும் இல்ல. கூட்டித் தர மாட்டேன்னு நான் சொல்லல. இந்தத் தெருவுல இதே அளவு வீடு பத்து, பத்தரைக்குப் போகுது. நான் பத்தாயிரத்து ஐந்நூறு தாரேன். ரெண்டு வருசத்துக்கு எழுதிக்கிருவோம்." இதில் நன்றியும் இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது, திட்டவட்டமான ஒரு தொகையும் இருக்கிறது. "பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுவிட்டால், பார்த்துச் செய்வது அவர் பக்கமே போய்விடும்.

ஒரேயடியாக ஏற்றுவதற்குப் பதிலாக இந்த ஆண்டு ஆயிரம், அடுத்த ஆண்டு ஆயிரம் என்று படிப்படியாக ஏற்றக் கேட்கலாம். உயர்வைக் கொடுப்பதற்கு ஈடாகக் குளியலறைக் கதவை மாற்றித் தரவும், ஒழுகும் தளத்தைச் சரிசெய்யவும் கேட்கலாம். பேசி முடித்த அன்றே, பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்பி, அவருடைய "சரி"யை வாங்கிக்கொள்ளுங்கள்.

இழுபறி நீடித்தால் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள்

பிரச்சினை தீரும் வரை பைசா தர மாட்டேன் என்று நிற்பதைப்போல் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும் செயல் வேறில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலி செய்ய வைப்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணம். பழைய வாடகையை வழக்கமான தேதியில், வங்கிக் கணக்குக்கோ ஜிபே மூலமாகவோ செலுத்தி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதிவிடுங்கள். இதுவரை ரொக்கமாகக் கொடுத்து வந்தவர்கள் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

அவர் வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பி, மறுத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகும் ஏற்காவிட்டால் வாடகையை வாடகை அதிகாரியிடமே செலுத்தச் சட்டம் வழிசெய்கிறது.

மின்சாரத்தைத் துண்டித்தால், தண்ணீரை நிறுத்தினால்

பீஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவது, மோட்டார் போடாமல் விடுவது, மாடிப்படிக் கதவைப் பூட்டுவது போன்ற தொல்லைகள் சில இடங்களில் நடக்கின்றன. குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்திருந்தாலும்கூட, அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. படமும் வீடியோவும் தேதியோடு எடுத்து வையுங்கள். வாடகை அதிகாரியிடம் மனுச் செய்தால் வசதியை உடனே மீட்டுத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. மிரட்டலோ, சாமான்களை வெளியே எடுத்துப் போடுவதோ நடந்தால் 112-ஐ அழைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

வழக்கறிஞருக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. தனியாகப் பிள்ளைகளோடு வாடகைக்குக் குடியிருக்கும் பெண்கள்தான் இத்தகைய நெருக்கடியில் அதிகம் மிரட்டப்படுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"ஒத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால்

வாடகை ஒத்துவராதபோது, நான்கு, ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்து ஒத்திக்கு இருந்துகொள்ளுங்கள் என்று சொல்வது மதுரையில் சாதாரணம். மாத வாடகை இல்லை என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பணத்துக்கு வட்டி கட்டுகிறீர்களா, நகையை அடகு வைக்கிறீர்களா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்து லட்சத்தை மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 5,000 ரூபாய். இரண்டு ரூபாய் வட்டி என்றால் 10,000 ரூபாய். அதற்கு வாடகையே தேவலை. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் கட்டாமல் ஏலத்துக்குப் போனால், ஒத்திப் பணம் சிக்கிக்கொள்ளும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், அசல் பத்திரம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா என்று கேட்காமல், ஒத்தியைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. வெறும் முத்திரைத்தாளில் எழுதி லட்சக்கணக்கில் கைமாற்றும் பழக்கம் பல குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது.

உடன்பாடு எட்டினால்

பேசி முடித்த தொகையைப் புதிய ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். காலம் எவ்வளவு, அதற்குள் உயர்வு இல்லை அல்லது ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு மட்டும், உயர்த்துவதற்கு மூன்று மாதம் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிக்கலாம் ஆகியவை அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அட்வான்ஸைப் பொறுத்தவரை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். வாடகை கூடியதால் அட்வான்ஸையும் கூட்டித் தரச் சொன்னால் இதை நினைவூட்டலாம்.

காலி செய்வதே முடிவானால்

ஒப்பந்தத்தில் சொல்லியுள்ள முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி அனுப்பினால் மறுக்க முடியாது. கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக இருந்தால், அதற்கு வீட்டுக்காரரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் அதுவும் பாக்கியாகவே எழுதப்படும். சாமான்களை ஏற்றிய பிறகு ஒவ்வோர் அறையையும், சுவர், குழாய், சுவிட்ச் போர்டு எல்லாம் தெரியும்படி வீடியோ எடுத்து, மின்மீட்டர் அளவையும் குறித்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டே சாவியை ஒப்படையுங்கள். சாவி பெற்றுக்கொண்டதாகவும், பிடித்தம் போக இவ்வளவு அட்வான்ஸ் தர வேண்டியிருப்பதாகவும் அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால், அந்த இரண்டு வரியையும் வங்கிக் கணக்குப் பிரதியையும் இணைத்து வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.